நாற்பத்தேழுக்கு மூன்றாவது பொம்மை

மழைக்காலம் வந்துவிட்டால் என் பிழைப்பு நாறிவிடும். டிரம்மின் தகரம் வியர்த்துக்கொண்டே இருக்கும். பழைய துணியால் துடைத்து, உள்ளங்கையால் ஒருதரம் தடவிப் பார்த்து, லேபிளின் நடுவை முதலில் வைத்து, பிறகு இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டே போக வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் காற்று நின்றுவிடும். காற்று நின்ற லேபிள் லாரி ஏறுவதற்குள் வாயைப் பிளந்துகொள்ளும். பத்தொன்பது வருஷமாக எனக்கு இந்த வேலைதான். எங்கள் ரசாயனக் கம்பெனியில் என் பெயரைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. பசை என்றால் வாசல் நாய்கூடத் திரும்பிப் பார்க்கும்.

லேபிள் என்றால் சரக்கின் பெயரை எழுதி ஒட்டுகிற சீட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அதில் சிவப்புக் கட்டத்துக்குள் கறுப்புப் படங்கள் இருக்கும். நெருப்புப் படம் என்றால் பற்றிக்கொள்ளும். ஆச்சரியக்குறி என்றால் கண் எரியும், தோல் அரிக்கும். இன்னொன்று, ஒரு மனுஷன் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி. அதற்கு நாங்கள் வைத்த பெயர் நெஞ்சு பொம்மை. அது வந்துவிட்டால் விஷயம் பெரிசு. இன்றைக்குத் தொட்டால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே போய், நாள் கழித்து, சில சரக்கு வயிற்றில் இருக்கிற பிள்ளையைப் போய்ப் பிடிக்கும்.

எந்தச் சரக்குக்கு எந்தப் படம் என்று முடிவு கட்டுகிறவர் எங்கள் லேபிள் மேடம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் கண்ணாடி அறை, ஒரு கம்ப்யூட்டர், சுவரை மறைக்கும் அளவுக்கு ஃபைல்கள். கலவைச் சீட்டில் என்னென்ன சாமான், நூற்றுக்கு எவ்வளவு என்று பார்ப்பார். கெடுதலான ஒவ்வொரு சாமானுக்கும் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. கோட்டுக்குக் கீழே நின்றால் படம் வேண்டாம். கோட்டைத் தொட்டால் வேண்டும். அவர் கையெழுத்து வைத்தால்தான் லேபிள் அச்சுக்குப் போகும், அச்சிலிருந்து என் கைக்கு வரும். "பசை, இதுல எதாவது சந்தேகம் இருக்கா?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்பார். எனக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது! கேட்கிற தோரணையிலேயே அவருக்கு இல்லை என்று தெரிந்துவிடும்.

கம்பெனியில்தான் மேடம், வீட்டில் அக்கா. அவர்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் நான் குடியிருக்கிறேன். மாடியில் அக்கா, அக்காவின் வீட்டுக்காரர், அவருடைய அம்மா. வீட்டுக்காரரும் எங்கள் கம்பெனிதான். கலவைக் கூடத்தில் மூத்த ஆள். கலவை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சாமான்களை அளந்து தொட்டியில் ஊற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அவருடைய அம்மாவை நான் பெரியம்மா என்பேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் துணி வெளுத்தவர், ஆட்களையும் அப்படியே வெளுப்பார். நான் ஒண்டிக்கட்டை என்பதால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மாடியில்தான். வரவில்லை என்றால் அடுத்த ஞாயிறுவரை வசவு விழும்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. படி ஏறினால் கம்பெனிப் பேச்சு கூடாது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அக்கா, "உங்க கையுறை கிழிஞ்சிருக்கு, மாத்துங்க" என்றாராம். அண்ணன், "கண்ணாடி ரூம்ல உக்காந்துகிட்டு எனக்கு வேலை சொல்லித்தரியா?" என்றாராம். மூன்று வாரம் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரியம்மாதான் பஞ்சாயத்து பண்ணி, "கம்பெனிய செருப்போட சேர்த்துக் கீழயே விட்டுட்டு வாங்க, மீறிப் பேசறவங்க பாத்திரம் கழுவணும்" என்று தீர்ப்புச் சொன்னார். பதினேழு வருஷமாக அப்படித்தான் நடந்தது. இப்படி ஒரு குடும்பம் உண்டா என்று நானே பத்துப் பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன். என் வாயை என்ன செய்வது!

அந்த ஞாயிற்றுக்கிழமை விடாத மழை. மாடி அறையில் கொடி கட்டி உள்ளே துணி காயப் போட்டிருந்தார்கள். சோறு, வறுத்த மீன், உருளைக்கிழங்கு. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அண்ணனை ஃபோர்மேன் ஆக்கப் போகிறார்கள் என்று முந்தின நாள் மேனேஜர் சொல்லியிருந்தார். இருபத்தோரு வருஷம் மூட்டை தூக்கி அண்ணனுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். ஃபோர்மேன் மூட்டை தூக்க வேண்டாம். மேஜை உண்டு, நாற்காலி உண்டு. இதை விட்டால் அடுத்த இடம் காலியாக ஏழெட்டு வருஷம் ஆகும். அதற்குள் அந்த முட்டி என்ன ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"அது சரிடா," என்றார் பெரியம்மா, மீனைப் பிட்டுக்கொண்டே. "அத்தனை பேர் இருக்கையில உன்னை எதுக்கு ஃபோர்மேன் ஆக்கறாங்க? மூஞ்சி லட்சணமா இருக்குன்னா?"

"உன் மூஞ்சிதானே எனக்கும். அதுக்கெல்லாம் எவன் குடுப்பான்?"

"சொல்லேண்டா. இன்னைக்கு ஒரு நாள் சட்டத்தத் தூக்கி பரண்ல போட்டாச்சு. பாத்திரத்த நானே கழுவிக்கறேன்."

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அக்கா சிரித்துக்கொண்டே, "சொல்லுங்க, நானும் கேக்கறேன்" என்றார்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கழிவே இல்லாத பிரிவு என்னோடதுதாம்மா. நாப்பத்தேழுன்னு ஒரு சரக்கு. மெஷின்ல இருக்கற எண்ணெய்ப் பிசுக்க எடுக்கறது. அதக் கலக்கி முடிச்சா தொட்டி அடியில ஒரு பிசின் நிக்கும். தண்ணிக்கு அசையாது. சுத்தமான சால்வெண்ட், அதான் பிசினக் கரைக்கற திரவம், ஊத்தித்தான் கழுவணும். ஒரு தடவ கழுவ எட்டு கிலோ. கழுவினத எல்லாரும் கழிவு டிரம்ல ஊத்திருவாங்க. எனக்கு மனசு கேக்கல. அதே சால்வெண்ட்தானே சரக்குக்குள்ளயும் போகுது? வேற சாமானா? கழுவினத எடுத்து வெச்சு அடுத்த பேட்ச்சுலயே ஊத்திட்டேன். கழிவு பூஜ்யம்! வாங்கறவன்கூட இப்போதான் நாப்பத்தேழு நல்லா வேலை செய்யுதுங்கறான்."

"கெட்டிக்காரன்தான்" என்று பெரியம்மா இன்னொரு மீன் துண்டை அவர் தட்டில் வைத்தார்.

அக்காவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "அப்போ பேட்ச்சுக்குப் போடற நாலு கிலோவக் குறைச்சுக்கிட்டீங்களா?"

"அத எதுக்குக் குறைக்கணும்? சீட்டுல நாலு கிலோன்னு போட்டிருக்கு. அத அளந்து தனியா போட்டுருவேன். சீட்டுல இருக்கறதுல ஒரு கிராம் குறைய மாட்டேன்."

"கழுவினதையும் ஊத்தி, நாலு கிலோவும் போட்டு?"

"ஆமா."

"எத்தனை நாளா?"

"பதினாலு மாசம் இருக்கும்."

அக்கா எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். தட்டில் பாதிச் சோறு இருந்தது. நாற்பத்தேழை ஒரு தடவை கலக்கினால், அதாவது ஒரு பேட்ச், இரண்டாயிரம் கிலோ. அந்தச் சால்வெண்ட்டுக்குச் சட்டம் போட்ட கோடு நூற்றுக்குப் புள்ளி மூன்று, அதாவது பேட்ச்சுக்கு ஆறு கிலோ. சீட்டில் இருப்பது நாலு. அதனால்தான் நாற்பத்தேழுக்கு நெருப்பும் ஆச்சரியக்குறியும் மட்டும். நாலும் எட்டும் பன்னிரண்டு என்று எனக்கே கணக்கு வந்துவிட்டது. அக்காவுக்கு வராமல் இருக்குமா?

"லேபிள் தப்பு," என்றார் அக்கா. "நெஞ்சு பொம்மை போடணும். பதினாலு மாசமா போட்டிருக்கணும்."

"ஏன், இப்போ என்ன ஆயிடுச்சு? எவனாவது செத்துட்டானா?"

"அது அப்படிக் கொல்ற சாமான் இல்ல. கையில பட்டா தோல் வழியா உள்ள போகும். கர்ப்பமா இருக்கறவங்களுக்கு ஆகவே ஆகாது."

"சரக்க வாங்கற பட்டறையில எவ கர்ப்பமா உக்காந்து போல்ட் கழுவறா? உனக்குத் தெரியுமா? ஒருத்தியக் காட்டு."

"எனக்குத் தெரியாது. தெரிஞ்சா நேர்ல போய் சொல்லிட்டு வந்திருவேனே. தெரியாததாலதான் லேபிள் ஒட்டறோம்."

"அப்போ நீ என்ன பண்ணப் போற?"

"நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லப் போறேன்."

"சொல்லு. நல்லா சொல்லு. சந்தோஷமா சாப்பிட உக்காந்தவன் வாயில மண்ணைப் போட்டுட்டே." அண்ணன் எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒரு தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கீழே இறங்கினார். என் அறைக்குத்தான், வேறு எங்கே போவார்! பெரியம்மா என்னைப் பார்த்து, "நீ ஏன் பேந்தப் பேந்த முழிக்கிற, சாப்பிடு" என்றார்.

திங்கட்கிழமை காலையில் அக்கா நாற்பத்தேழு லேபிளுக்குப் போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கையெழுத்து இல்லாத லேபிளை நான் ஒட்டக் கூடாது. லேபிள் இல்லாத டிரம் வாசல் தாண்டக் கூடாது. அறுபது டிரம் எனக்கு முன்னால் மொட்டையாக நின்றன. என்ன விவகாரம் என்று கேட்க மேனேஜர் என்னையும் கூப்பிட்டார். மனுஷன் கெட்டவர் இல்லை. ஆனால் எந்தப் பிரச்சினையையும் அடுத்த மாசத்துக்குத் தள்ளி வைத்தால் அது தானாகவே செத்துப்போகும் என்று நம்புகிறவர்.

"மேடம், இது உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?"

"சாப்பிடும்போது சொன்னார்."

"என்ன சாப்பாடு?"

"மீன்."

"ஞாயித்துக்கிழமை மீன் சாப்பிடும்போது காதுல விழுந்ததுன்னு எழுதி எழுநூறு டிரம்முக்கு லேபிள மாத்தச் சொல்றீங்களா?"

"சாம்பிள் பாட்டில் இருக்கு சார். டெஸ்டுக்கு அனுப்புங்க."

"அனுப்பறேன். மூணு வாரம் ஆகும். நடுவுல நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. கழுவினத இனிமே ஊத்தாதீங்கன்னு கலவைக் கூடத்துக்குச் சொல்லிடறேன். அப்போ உங்க பழைய லேபிளே சரியாயிடும். யாருக்கும் தலைவலி இல்ல."

"வெளிய போன டிரம்?"

"அது தீர்ந்துடும் மேடம்."

"எப்படி சார் தீரும்? யாராவது கையால எடுத்துத்தானே தீரும்?"

மேனேஜர் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். "சரி. எவ்வளவு ஊத்தினார், எத்தனை மாசம்னு உங்க வீட்டுக்காரரே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அன்னைக்கே வேலைய ஆரம்பிச்சிடறேன். ஆனா அந்தப் பேப்பர் என் மேஜைக்கு வந்தா ஃபோர்மேன் பேப்பர் மேல போகாது. அதையும் சொல்லிடுங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

அக்கா அன்று மாலை என் அறை வாசலில் நின்று ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அதைச் சொல்லிவிட்டு மேலே போனார். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாலு நாள் அவர் என் அறையில் இருந்தார். பெரிய ஆள், சின்ன அறை. குறட்டையில் ஜன்னல் கம்பி அதிரும். பெரியம்மா வேளாவேளைக்குச் சாப்பாட்டைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, "கீழ்வீட்டு விருந்தாளிக்குச் சாப்பாடு வந்திருக்கு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போவார். கம்பெனிக்கு நாங்கள் இருவரும் ஒரே குடையில் போனோம். அக்கா பத்தடி முன்னால் தனிக் குடையில் போனார்.

"அண்ணே, மேல போங்க" என்றேன், செவ்வாய்க்கிழமை.

"போக மாட்டேன்."

"அக்கா ஒண்ணும் உங்களத் திட்டலையே."

"திட்டினா பரவாயில்லையே! எழுதிக் குடுங்கறா. திருட்டுப் பயதான் எழுதிக் குடுப்பான். நான் திருடினேனா? குடிச்சிட்டு வேலை செஞ்சேனா? பொருள வீணாக்க மனசு வராம எடுத்து வெச்சேன். அதுக்கு இதே கம்பெனி கை தட்டுச்சு. இப்போ நானே என் கையால நான் தப்புன்னு எழுதணுமா?"

"தெரியாம செஞ்சதுதானே."

"அதத்தான் சொல்றேன். அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும்ல? படிச்சவ அவதானே? ஒரு தடவ கூடத்துக்கு வந்து, என்னங்க, கழுவினத எங்க ஊத்தறீங்கன்னு கேட்டிருக்கலாம்ல?"

"நீங்களும் சொல்லியிருக்கலாம்."

"வீட்டுல பேசக் கூடாதே!"

அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முட்டியும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கும் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது போல. "விடுங்கண்ணே, மூணு வாரந்தானே, டெஸ்ட் வரட்டும். அதுக்குள்ள ஃபோர்மேன் பேப்பர் போயிடும். அப்புறம் வர்றது வரட்டும்" என்றேன். அண்ணன் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, "நீ ஒருத்தன்தாண்டா என்னைப் புரிஞ்சுகிட்டவன்" என்றார். நானும் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாலை மழை விட்டிருந்தது. அக்கா கீழே வந்தார், கையில் ஒரு தாளும் பேனாவும். அண்ணன் கட்டிலில் இருந்தார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "இரு பசை, ஒட்டப் போறவன் நீதானே" என்றார் அக்கா. பிறகு அவரிடம், "சண்டைக்கு வரல. படிச்சுப் பாருங்க" என்று தாளை மடியில் வைத்தார்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் எழுத்து தெரிந்தது. முதல் பத்தி இப்படி இருந்தது: நாற்பத்தேழைத் தரம் பிரித்தபோது நான் கலவைச் சீட்டை மட்டும் பார்த்தேன். கலவைக் கூடத்துக்குப் போய்ப் பார்க்கவில்லை. கழிவு பூஜ்யம் என்ற அறிக்கை பதினாலு மாதமும் என் மேஜை வழியாகவே போனது. கழுவிய சால்வெண்ட் எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. லேபிளில் நேர்ந்த தவறு என்னுடையது. கீழே அக்காவின் கையெழுத்து, எப்போதும் போல நடுங்காமல். இரண்டாம் பத்தி அண்ணனுடையது. அதன் கீழே இடம் காலியாக இருந்தது.

"உன்ன எதுக்கு இதுல இழுத்துவிட்டுக்கற?"

"நான் இதுலதான் இருக்கேன். இழுக்க வேண்டியதில்ல."

"உன் வேலைக்கு எதாவது வந்தா?"

"வந்தா வரட்டும். அது எனக்கு உறுத்தல. நான் கேக்காம விட்டதுதான் உறுத்துது. நாலு நாளா சோறு இறங்கல. உங்க மேல கோவம்னு நினைச்சீங்களா? எனக்கு என் மேலதான் ஆத்திரம்."

அண்ணன் இரண்டாம் பத்தியை மறுபடி படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. "இதென்ன, சுமார் எட்டு கிலோ?"

"நீங்கதானே ஞாயித்துக்கிழமை எட்டுன்னீங்க."

"அது ஒரு தடவ கழுவ. நாப்பத்தேழு தொட்டிய எவன் ஒரு தடவ கழுவுவான்? சோம்பேறிதான் கழுவுவான். நான் ரெண்டு தடவ கழுவறவன்."

"ரெண்டு தடவ கழுவினதையும் ஊத்தினீங்களா?" என்றார் அக்கா.

"ஊத்தாம? பதினாறு கிலோ. சுமார் கிமார் எல்லாம் வேண்டாம். நான் அளந்து ஊத்தறவன், பொத்தாம்பொதுவா என் பேருல எழுதாத. பதினாறுன்னு போடு."

"பதினாறும் நாலும் இருபது. நூத்துக்கு ஒண்ணு."

"கோட்டுக்கு எவ்வளவு மேல?"

"மூணு பங்குக்கு மேல."

அண்ணன் பேனாவை வாங்கினார். 'சுமார் எட்டு' என்பதை அடித்து, 'பதினாறு' என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதி, கையெழுத்துப் போட்டார். "ஃபோர்மேன் போச்சு" என்றார். அக்கா அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். "போச்சு" என்றார். இரண்டு பேர் கண்ணிலும் நீர் நின்றது. பிறகு அக்கா தலையணையை எடுத்துக்கொள்ள, அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். மேலே பெரியம்மா, "வந்துட்டாரா கலெக்டர்?" என்று கேட்டது எனக்குக் கீழே கேட்டது.

மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், இரண்டு விதத்திலும். வெள்ளிக்கிழமை மாலைக்குள், சரக்கு வாங்கிய பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் ஃபோன் போயிற்று. அதே மாலை பேக்கிங் பிரிவிலிருந்து ஒருவரை ஃபோர்மேன் என்று அறிவித்தார்கள். அக்காவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை வாங்கி ஃபைலில் போட்டுவிட்டு, அன்று முதல் வாரம் இருமுறை கலவைக் கூடத்துக்குப் போய், "கழுவினது எங்க? காட்டுங்க" என்று கேட்க ஆரம்பித்தார். அண்ணன் எல்லோருக்கும் முன்னால் கழிவு டிரம்மைத் திறந்து காட்டினார்.

சின்னப் பட்டறைகள்தான் பாக்கி. கடைக்காரர்களிடம் ஒற்றை டிரம் வாங்கிப்போகிறவர்கள். ஃபோன் நம்பர் கிடையாது. லாரியில் போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். புது லேபிள் அச்சாகிச் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று படம்: நெருப்பு, ஆச்சரியக்குறி, நெஞ்சு பொம்மை. நான் போவதாக இருந்தது. "நானும் வரேன்" என்று அண்ணன் தானாகவே ஏறிக்கொண்டார். லாரிப் படியில் ஏற அவருக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. மறுநாளிலிருந்து சுற்றினோம். ஒவ்வொரு பட்டறையிலும் நான் டிரம்மைத் துடைத்து ஒட்டுவேன். அண்ணன் கையுறை ஜோடிகளைக் கொடுத்து விவரம் சொல்வார். நன்றாகவே சொன்னார். எனக்கே அவரைப் பார்க்கத் தெம்பாக இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரு என்ஜின் பட்டறை. தகரக் கூரை, நல்ல வெயில். ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா முக்காலியில் உட்கார்ந்து, தட்டில் நாற்பத்தேழை ஊற்றி, வெறுங்கையால் பிரஷ் போட்டு உதிரிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் ஒட்டி முடித்ததும் எழுந்து வந்து பார்த்தார்.

"இதென்ன புதுசா ஒரு படம்?"

அண்ணன் சொன்னார். தோல் வழியாகப் போகும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது, கர்ப்பமாக இருப்பவர்கள் கிட்டவே வரக் கூடாது. அந்த அம்மா முழுவதும் கேட்கவில்லை. உள்ளே திரும்பி, "ஏய், அந்தத் தட்டக் கீழ வை! வைன்னா வை! சோப்பு போட்டுக் கைய நல்லா கழுவிட்டு வெளிய வாடி!" என்று கத்தினார்.

உள்ளிருந்து ஒரு பெண் வந்தாள், முழங்கை வரை ஈரமாக. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு. வயிறு இலேசாகத் தெரிந்தது.

"என் தங்கச்சி மக," என்றார் அந்த அம்மா. "நாலாம் மாசம். எத்தனை நாளா இந்தச் சரக்கு இப்படி?"

"பதினாலு மாசமா. ஊத்தினது நான்தான்."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

போன வாரம் என்று சொன்னால் போதும், அந்த அம்மா மேலே கேட்கப் போவதில்லை. எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அண்ணன், "பதினோரு நாள் ஆச்சும்மா. போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை" என்றார்.

"லாரி வர பதினோரு நாளா?"

"இல்ல. அதுல நாலு நாள் நான் வீட்டுல கோவிச்சுக்கிட்டு இருந்தேன்."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இவ போன வாரம் திங்கக்கிழமைதான் இங்க வேலைக்கு வந்தா" என்றார். பிறகு விரல் மடக்கி எண்ணினார். "அப்போ இவ இங்க கால் வெக்கறதுக்கு முந்தின நாளே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

டெஸ்ட் வரட்டும் என்று சொன்னவன் நான். அதை அங்கே நான் வாய் திறந்து சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

"எதாவது ஆயிடுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். அவளுடைய கை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"அது எனக்குத் தெரியாதும்மா. பொய் சொல்ல மாட்டேன். இன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும். அவங்களுக்கு என்ன தெரியணுமோ நான் எழுதித் தரேன். எங்க வீட்டுலயே ஒருத்தங்க இதப் படிச்சவங்க இருக்காங்க, சாயங்காலம் அவங்களும் வருவாங்க." லாரியிலிருந்து ஒரு தாள் எடுத்துவரச் சொன்னார். டிரம்மின் மேல் வைத்து எழுதினார். சரக்கின் பெயர், சால்வெண்ட்டின் முழுப் பெயர், நூற்றுக்கு ஒன்று, வெறுங்கை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று அவளிடம் கேட்டு, ஐந்து என்று எழுதினார். எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டு அதையும் எழுதினார். கையெழுத்துப் போட்டு, கீழே அன்றைய தேதியைப் போட்டார். அதற்கும் கீழே, யாரும் கேட்காமலே, அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதியை எழுதி, பக்கத்தில் 'எனக்குத் தெரிந்த நாள்' என்று எழுதிக் கொடுத்தார்.